குழந்தைப் பேதியும் குடலின் காவலரும்



கிருமி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நாம் அஞ்சுகின்றோம். ஆயினும் கிருமிகள் யாவும் பகையல்ல. சிசுவின் குடலிற் குடியிருந்து அதனைக் காப்பனவும் உள.

1899-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி டிஸ்ஸியே என்பவர், தாய்ப்பாலுண்ணும் சிசுக்களின் மலத்தில், கவைபோற் கிளைத்த ஒருவகை நுண்ணுயிர் மிகுந்திருக்கக் கண்டார். பேதியுற்ற குழந்தைகளிடத்து அது குறைந்திருந்ததையும் அவர் பின்னர் எடுத்துரைத்தார். பைபிடோபாக்டீரியம் என்பது அதன் இக்காலப் பெயர்.

தாய்ப்பாலிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் குழந்தைக்குச் செரிப்பனவல்ல. அவை இந்நுண்ணுயிர்க்கே உணவாம். அவற்றை உண்டு இது புளிப்பை உண்டாக்க, தீய கிருமிகள் தழைத்தல் அரிதாகின்றது.

இஃதிவ்வாறிருக்க, பேதி கண்டவுடன் பாலை நிறுத்தும் வழக்கம் சில இல்லங்களில் இன்றும் உளது. பகைவன் கோட்டையை வளைத்த வேளையில் காவலர்க்குச் சோறு மறுப்பார் உண்டோ? வைத்தியரைக் கேளாமல் ஆன்டிபயாடிக் மருந்து புகட்டுதலும் தகாது. ரோட்டா முதலிய வைரஸ்களால் வரும் பேதியை அம்மருந்து தீர்க்காது. நல்ல நுண்ணுயிர்களையே அழிக்கும்.

பேதியில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் நீரும் உப்பும் உடலைவிட்டு நீங்குதலே. ஆகையால் தாய்மார் பாலை நிறுத்தாது அடிக்கடி ஊட்டுக, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டுக. துத்தநாக மாத்திரையை வைத்தியர் சொல்லும் அளவில் கொடுத்து வருக. மலத்தில் இரத்தம் காணினும், கண்கள் குழிந்து குழந்தை சோர்ந்து கிடப்பினும், பால் குடியாதொழியினும், கணமும் தாழ்க்காது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

நம் இல்லங்களிலுள்ள முதியோர் இதனை உணர்ந்து இளந்தாய்மார்க்கு உரைப்பாராயின், நம் குழந்தைகளை இழவாது காப்போம்.