வயிற்றுக் கிருமியும் வளர்ந்த வீடும்



வயிற்றுக் கிருமியைப் பற்றிய இக்கருத்தரங்குக்குக் காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு முதலில் நன்றி. இது பேரறிஞர் அண்ணா பிறந்த ஊர். அவர் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை நடக்கிறது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களின் முன்வரிசையில் பல ஆண்டுகளாக இரைப்பைப் புற்றுநோய் நிற்கிறது. அந்நோய்க்கான பெரிய காரணங்களுள் ஒன்றுதான் நம் இன்றைய பொருள்: ஹெலிகோபாக்டர் பைலோரி.

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இக்கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். ஐயப்பட்டவர்களுக்கு விடை சொல்ல, 1984இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமியால் இரைப்பைப் புண்ணும் வருகிறது. இவ்வளவுக்குப் பிறகும் நம் தெருக்களில் 'அல்சர்' என்றால் காரத்தைக் குறை, நேரத்துக்குச் சாப்பிடு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காரம் எரிச்சலைக் கூட்டலாம்; கிருமியைக் கொண்டுவராது. பட்டினியும் அப்படித்தான். கிருமி வருவது இன்னொரு மனிதரின் வயிற்றிலிருந்து: எச்சில் வழி, வாந்தி வழி, மலம் கலந்த நீர் வழி. அதுவும் பெரும்பாலும் சிறு வயதிலேயே. மருந்து கொடுத்து அழிக்காவிட்டால் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். ஆகவே, ஒருவருக்கு இத்தொற்று உண்டா என்பதை இன்று அவர் உண்பதைவிட, பிள்ளைப் பருவத்தில் அவர் வளர்ந்த வீடே பெரிதும் தீர்மானிக்கிறது. இந்த உரையில் நான் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றைத்தான்.

உலக ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் காரணிகளைப் பாருங்கள். ஓர் அறையில் எத்தனை பேர், பிள்ளைகள் யாரோடு படுத்தார்கள், தாய்க்கோ அண்ணன் அக்காவுக்கோ தொற்று இருந்ததா, கழிப்பறை இருந்ததா, குடும்ப வருமானம் என்ன, தண்ணீர் எங்கிருந்து வந்தது? எல்லாமே வீட்டைப் பற்றிய கேள்விகள். ஹைதராபாத்தில் நடந்த ஆய்வு ஒன்றில் குழாய்நீர் குடித்தவர்களைவிடக் கிணற்றுநீர் குடித்தவர்களிடம் தொற்று மிகுதி. பெரு நாட்டின் லிமாவிலோ நகராட்சிக் குழாய்நீரே ஐயத்துக்கு உள்ளானது. குழாயா கிணறா என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், அந்த நீரில் சாக்கடை கலக்க வழியிருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுக்கு வருவோம். முன்கட்டில் குழித்தறி, அதை ஒட்டியே சமையலும் படுக்கையும். சேலையின் உடலோடு கரையை இணைத்து நெய்யும் கோர்வை போட இரண்டாவது ஆள் வேண்டும், ஊடை நூலைத் தாரில் சுற்ற இன்னொருவர் வேண்டும். வீடே தொழிற்கூடம் என்பதால் முழுக் குடும்பமும் நாள் முழுவதும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறது. நெருக்கத்தைச் சதுர அடியில் மட்டும் அளந்தால் இது பிடிபடாது. ஒன்றாகக் கழியும் நேரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். இன்னொன்று: எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, குழந்தைக்குச் சோற்றை மென்று ஊட்டும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. முன்னது காக்கிறதா, பின்னது பரப்புகிறதா என்பதை இங்கேயே அளந்து பார்க்கலாம்.

அளக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. எண்டோஸ்கோபிக்கு வருபவர்களை எண்ணிவிட்டு அதை ஊரின் கணக்கு என்று சொல்லக்கூடாது. தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோர்க்கு எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. அவர்கள் மருத்துவமனைக்கு வருவதே இல்லை. அடுத்து, முதியவர்களிடம் தொற்று அதிகம் காணப்பட்டால் வயது ஏறஏறத் தொற்றுவதாக முடிவுகட்ட வேண்டாம். அவர்கள் குழந்தைகளாக இருந்த காலத்தின் தண்ணீரும் கழிப்பிடமும் அப்படி. எனவே வினாத்தாளில் இன்றைய வீட்டைப் பற்றிக் கேட்பதோடு, பத்து வயதுவரை இருந்த வீட்டைப் பற்றியும் கேளுங்கள்.

தொற்று எல்லோரையும் ஒரே மாதிரி வாட்டுவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் புண் வருகிறது. நூற்றில் ஓரிருவருக்குப் புற்றுநோய். புகையிலையும் மிகுந்த உப்பும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. நெசவாளர்களுக்கு இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. குழியில் கால் தொங்கவிட்டு நாள் முழுக்கக் குனிந்திருப்பவருக்கு முதுகும் இடுப்பும் வலிக்காமல் இராது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல, தனியாகவே இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. உள்ளே கிருமியும் இருந்தால் இரத்தக் கசிவு வரை போகும்.

அப்படியானால் ஊருக்கே மருந்து கொடுத்துவிடலாமா? தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் எல்லோரையும் சோதித்து மருந்து கொடுத்தார்கள். தொற்று 64 விழுக்காட்டிலிருந்து 15 ஆக இறங்கியது, இரைப்பைப் புற்றுநோயும் ஏறத்தாழ பாதியானது. ஆனால் அது சிறிய தீவுக் கூட்டம், புற்றுநோய் மிகுந்த இடம். இந்தியாவில் தொற்று மிகுதியாக இருந்தும் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. 'இந்தியப் புதிர்' என்றே ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். மேலும், இத்தொற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மருந்துக்கு இங்கே கிருமி பெரிதும் பழகிவிட்டது. கண்மூடி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எஞ்சிய மருந்துகளையும் இழப்போம். 2022இல் சீன மருத்துவர்கள் முன்வைத்த வழி நமக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன்: ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அதே வீட்டில் இருப்பவர்களையும் சோதிப்பது. யூரியா மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ போதும். குழாய் விழுங்க வேண்டியதில்லை.

இக்கருத்தரங்கு முடிவதற்குள் மூன்றைச் செய்யுமாறு வேண்டுகிறேன். வீட்டை அலகாகக் கொண்ட மாதிரி ஆய்வுத் திட்டம் ஒன்றை வகுத்துத் தாருங்கள். அதை வகுக்கும் குழுவில் நெசவாளர் ஒருவரையாவது உட்கார வையுங்கள். புண் கண்டவர், இரைப்பைப் புற்றுநோயாளியின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், நாள்பட வலி மாத்திரை உண்பவர் ஆகியோரை முதலில் சோதிக்கப் பரிந்துரை செய்யுங்கள். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அருகருகே ஓடும் தெருக்களின் பட்டியலை மாநகராட்சியிடம் கேட்டு வாங்குங்கள். மாத்திரை இன்றைய நோயாளியைக் காக்கும். நாளை பிறக்கும் குழந்தையைக் காக்க நல்ல தண்ணீரும் கழிப்பறையும் நெருக்கமில்லாத வீடும்தான் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவதும் மருத்துவர்களின் கடமையே என்று சொல்லி, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.