புள்ளும் விண்மீனும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற சித்திரை, வைகாசி மாதங்களின் மாலைப் பொழுதுகளை எவ்வாறு கழித்தீர்கள் என்று எம்மை வினவினால், "குருவி பார்த்தோம், நட்சத்திரம் பார்த்தோம்" என்பதே எமது விடை. படிக்கிற பிள்ளைகளுக்கு வேறு வேலை இல்லையா என்று பெரியோர் சிலர் கேட்டதும் உண்டு. அவ்வினாவிற்கு விடையிறுக்கவே இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

முதற்கண் எமது அறியாமையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாம் மிஷன் பாடசாலையிற் பயின்றவர்கள். ஆங்கிலக் கவிதை வகுப்பிலே நைட்டிங்கேல் என்னும் பறவையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளிகள் வாங்கினோம். அப்பறவையோ எமது நாட்டு மரம் எதிலும் கூடு கட்டுவதில்லை. வீட்டுக்கு வந்தாற் பஞ்சாங்கம். அசுவினி முதல் ரேவதி ஈறாக இருபத்தேழு நட்சத்திரங்களையும் மூச்சு விடாமல் ஒப்புவிப்போம். ஆயினும் வேலியிலிருந்து கூவுவது எந்தப் பறவை என்றாலும் தெரியாது. சித்திரை நட்சத்திரம் வானில் எங்கே என்றாலும் தெரியாது. மேல்நாட்டுக் கல்வியும் எம்மிடம் இருந்தது, கீழ்நாட்டுக் கல்வியும் இருந்தது. கண் மாத்திரம் இருக்கவில்லை.

கொழும்பிலே, எமது பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் விகாரமகாதேவி பூங்கா உளது. முன்னர் விக்டோரியா பூங்கா என வழங்கிய அது 1958ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றது. ஏப்ரல் முதல் வாரத்தின் முடிவிலே கொழும்பிற்கு நேர் உச்சியிற் சூரியன் நிற்பதால், நண்பகலில் நாட்டி வைத்த தடிக்கு நிழல் இராது. அவ்வெயில் சற்றுத் தணியும் ஐந்து மணிக்கு நண்பர் மூவராகப் பூங்காவிற்குட் புகுவோம். ஆசிரியர் ஒருவர் இரவல் தந்த பழைய இருகண் தொலைநோக்கி ஒன்றும், ஒரு கொப்பியும், பென்சிலுமே எமது உடைமைகள்.

முதல் நாள் காகத்தைத் தவிர வேறெதுவும் கண்ணிற் படவில்லை. மூன்றாம் நாள் ஒரே மரத்தடியில் அரை மணி நேரம் வாளாவிருந்தோம். அதன் பின்னரே மரம் எம்மோடு பேசத் தொடங்கிற்று. கன்னான் செம்புத் தகட்டிலே சுத்தியலால் தட்டுவதுபோல் இடைவிடாது ஒலித்தது குக்குறுவான். மஞ்சள் உடலும் கரிய தலையுமாக இலைகளுக்கிடையே மறைந்தது மாங்குயில். புற்றரையிலே தவிட்டு நிறச் சிறகுடன் செண்பகம் நடை பயின்றது. புத்தாண்டுக்குக் கட்டியம் கூறும் குயிலையும் கண்டோம். உரக்கக் கூவுவது பெண்குயில் என்றே நாம் எண்ணியிருந்தோம். கூவுவது செங்கண்ணும் கருமேனியும் உடைய ஆண். பெண்குயிலோ உடலெங்கும் வெண்புள்ளி படர்ந்த கபில நிறத்தது. அது காகத்தின் கூட்டிலே முட்டையிடுவதற்குச் சமயம் பார்த்து மறைந்திருக்கும்.

இவற்றுள் எம் உள்ளத்தைத் தொட்டது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவிலே குரல் கொடுப்பதால் நம் முன்னோர் இட்ட பெயர் அது. பங்குனியில் அதன் குரலைப் பற்றைக்குள்ளிருந்து கேட்டோம். சித்திரை பிறந்து சில நாட்களின் பின் அப்பற்றை மௌனமாயிற்று. மாரிக்கு எமது நாட்டில் வந்து தங்கும் அச்சிறு பறவை, கோடையிற் கடல் கடந்து, குஞ்சு பொரிப்பதற்காக இந்தியாவின் வடபுலத்துக் காடுகளுக்குப் போய்விடுகின்றது. வழி காட்டுவார் யார்? இவ்வினாவே எம்மைப் புள்ளிலிருந்து விண்மீனுக்கு அழைத்துச் சென்றது.

இருள் சூழ, பூங்கா மரங்களிலே தலைகீழாகத் தொங்கிய வௌவால்கள் கூட்டங் கூட்டமாக இரை தேடிப் புறப்படும். காவலாளரின் விசில் எம்மையும் வெளியேற்றும். அங்கிருந்து காலிமுகத்திடலுக்கு நடந்து, கடலை நோக்கிப் புல்லில் அமர்வோம். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். கைத்தொலைபேசியை ஒரு முறை பார்த்தால் அப்பழக்கம் கெட்டுவிடும். ஆதலின் அதனை அணைத்துப் பைக்குள் வைப்பது எமது விதி.

வானில் வழி கண்டுபிடிப்பது எளிது. வடகிழக்கே சப்தரிஷி மண்டலத்தின் ஏழு மீன்களையும் காண்க. அவற்றுள் வால்போல் வளைந்து நிற்பவை மூன்று. அவ்வளைவை நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சளாய் ஒளிரும் மீன் சுவாதி. அதனையும் கடந்து சென்றால் நீலம் கலந்த வெண்மையாய் நிற்பது சித்திரை. சித்திரா பௌர்ணமியன்று முழுமதி அச்சித்திரை மீனின் அயலிலே நிற்கக் கண்டபோது நாம் வியப்பில் ஆழ்ந்தோம். மாதத்தின் பெயர் வானிலிருந்து வந்தது! பௌத்த சகோதரர்களின் வெசாக் என்னும் பெயரும் விசாக நட்சத்திரத்தினின்று வந்ததே. சுவாதியின் ஒளி எம்மை அடைய ஏறத்தாழ 37 ஆண்டுகள் செல்கின்றன. அன்று நாம் கண்டது நாம் பிறக்கு முன்னரே புறப்பட்ட ஒளி.

பறவைக்கு வழி காட்டுவார் யார் என்று கேட்டோமன்றோ? இரவிற் பயணஞ் செய்யும் பறவைகள் சிலவற்றுக்கு விண்மீன்களே வழிகாட்டி. 1960களிலே அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீவன் எம்லன், இண்டிகோ பண்டிங் என்னும் குருவிகளைக் கோளரங்கத்தினுள் வைத்து இதனை ஆராய்ந்தார். வானம் எந்த இடத்தை மையமாகக் கொண்டு சுழல்கின்றது என்பதைக் குஞ்சுகள் முதற் பயணத்துக்கு முன்னரே பார்த்துப் பழகுகின்றன. நட்சத்திரங்களைக் காணாது வளர்ந்த குஞ்சுகளோ புறப்படும் காலம் வந்தபோது திசையறியாது தடுமாறின. 1965இல் அமைந்த கொழும்புக் கோளரங்கத்தின் வழியாக நாளும் விரிவுரைக்குச் செல்லும் எமக்கு இச்செய்தி சுருக்கென்று தைத்தது. வானைப் பாராது வளர்ந்த குஞ்சுகள் நாமும் அல்லமோ?

குறை எம்முடையது மாத்திரம் அன்று. சப்தரிஷிகளின் வாலிலே நடுவில் நிற்கும் மீன் வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாய் நிற்பவள் அருந்ததி. காலிமுகத்திடலிலே வெறுங்கண்ணால் எவ்வளவு உற்று நோக்கியும் அவளை எம்மாற் காண இயலவில்லை. நகரத்தின் மின்னொளி அவளை மறைத்துவிட்டது. தொலைநோக்கியிலேதான் தோன்றினாள். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த அந்தத் துன்ப காலத்திலே, வானம் எவ்வளவு நிறைந்திருந்தது என்பது உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். இருளை மீண்டும் வேண்டுவார் எவருமிலர். ஆனால் விளக்கை நிலத்தை நோக்கி மூடியிட்டு எரித்தால் வழியும் தெரியும், வானும் தெரியும்.

வைகாசியில் யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போனபோது தொலைநோக்கியையும் கொண்டு சென்றோம். இரவு ஒன்பது மணிக்கு முற்றத்திலே கதிரை போட்டு எமது அம்மம்மாவை இருத்தி, வடக்கு வானைக் காட்டினோம். கை நடுங்கியபடியால் தொலைநோக்கியை நாமே பிடித்துக்கொண்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: "கலியாணத்தண்டு ஐயர் கையைக் காட்டினவர், நானும் தலையை ஆட்டினனான். பகல் பன்னிரண்டு மணிக்கு என்னத்தைக் காணுறது? இண்டைக்குத்தான் பிள்ளை கண்டனான்."

அம்மம்மாவுக்கு வயது எழுபத்தொன்பது. அருந்ததியின் ஒளி இங்கு வந்து சேரச் சுமார் 80 ஆண்டுகள் செல்லும். அவர் பிறந்த காலத்திலே புறப்பட்ட ஒளி அன்றிரவு அவர் கண்ணை வந்தடைந்தது.

பெரியோர்களே, எமக்கு வேறு வேலை இருக்கின்றது, அதனையும் செய்கின்றோம். ஆனால் நீங்கள் எமக்குத் தந்த பெயர்களுக்கு உரிய பொருள்களைத் தேடிக் காண்பதும் எமது வேலையே. இளைஞர்களே, இக்கூட்டம் முடிந்ததும் மண்டபத்துக்கு வெளியே ஒரு கணம் நின்று அண்ணாந்து பாருங்கள். வீட்டிலே மூத்தவர் இருந்தால் அவரையும் கைபிடித்து முற்றத்துக்கு அழைத்து வாருங்கள்.