முதல்ல அளங்க, கடைசியா ஈக்யூ

வீட்டு ரூம்லயே பாட்டோ பாட்காஸ்ட்டோ மிக்ஸ் பண்றவங்களுக்கான எபிசோட் இது. ரூம்ல கேட்டா சரியா இருக்கு, கார்ல போட்டா பேஸ் அதிருதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. புது ஸ்பீக்கர் வாங்குறதுக்கு முன்னாடி ரூமை அளந்து பாருங்க.

ஒரு சின்னக் கணக்கு. ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 1,125 அடி போகும். 10-க்கு 10 ரூம்ல ஒரு சுவர்ல இருந்து எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்ப 20 அடி. 1,125-ஐ 20-ஆல வகுத்தா சுமார் 56 ஹெர்ட்ஸ். அந்த ரூமோட முதல் ஒத்ததிர்வு அங்கதான். பேஸ் கிட்டார்ல ஏ ஸ்டிரிங் 55 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடம். சுவர் ஓரமா உட்கார்ந்தா அந்த நோட் குமுறும். ரூமுக்கு நட்டநடுவுல உட்கார்ந்தா காணாமப் போயிடும். காணோமேன்னு நீங்க பேஸை ஏத்துவீங்க. கார்ல அதிர்றது அதுதான். சதுர ரூம்ல நீளமும் அகலமும் ஒண்ணா இருக்கிறதால சிக்கல் இன்னும் அதிகம்.

அளக்க, ரூம் ஈக்யூ விசார்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. கூடவே ஒரு மெஷர்மென்ட் மைக், அதோட காலிபரேஷன் ஃபைல். நீங்க உட்காரும் இடத்துல, காது உயரத்துல மைக்கை வச்சு ஸ்வீப் ஓட்டுங்க. கிராஃப்ல மேடும் பள்ளமும் தெரியும்.

மேட்டை ஈக்யூ வச்சுக் குறைக்கலாம். ஆழமான பள்ளத்தை நிரப்ப முடியாது. நேரா வர்ற அலையும் சுவர்ல பட்டுத் திரும்புற அலையும் ஒண்ணை ஒண்ணு அழிக்கிறதுதான் அந்தப் பள்ளம். ஏத்தினா ரெண்டும் சேர்ந்தே ஏறும், மறுபடியும் அழியும். ஆனா 10 டெசிபல் ஏத்தினா ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு பவர் கொடுக்கணும்.

பள்ளத்துக்கு வழி, இடம் மாத்துறதுதான். நாற்காலியை அரை அடி அரை அடியா நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் அளங்க. ஸ்பீக்கரையும் அப்படியே. அப்புறம் மூலைகள்ல தடிமனான ராக்வூல். ஒரு இன்ச் ஃபோம் குரலோட எதிரொலியைக் குறைக்கும். ஆனா 20 அடி நீள பேஸ் அலை, ஃபோம் இருக்குன்னே கண்டுக்காது. இதெல்லாம் முடிச்சுட்டு, மிச்சம் இருக்கிற மேட்டுக்கு மட்டும் ஈக்யூ.

இன்னைக்கே டேப் எடுத்து உங்க ரூமுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.