அடைக்கலம் தந்த மண்

(மாதாந்திரக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு முதன்முதலில் அடைக்கலம் தந்தது ஆப்பிரிக்க மண். அன்பளிப்புகளோடு வந்த குறைஷித் தூதர்களிடம் அவர்களை ஒப்படைக்க ஹபஷா மன்னர் நஜ்ஜாஷி மறுத்தார்.

இன்று அந்தக் கண்டத்து மக்கள் அடைக்கலம் தேடுகிறார்கள். போரில் வீடிழந்த சோமாலியக் குடும்பங்கள் 2001 முதல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் குடியேறின. மறு ஆண்டே, வருவோரைக் குறைத்துக்கொள்ளும்படி மேயர் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2003 ஜனவரியில் இனவெறிக் கும்பல் ஒன்று கூட்டம் போட்டது. சில டஜன் பேரே வந்தார்கள். அதே நாளில் சோமாலியருக்கு ஆதரவாகத் திரண்டவர்கள் சுமார் 4000 பேர். பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதவர்கள். 2015இல் அவ்வூர்ப் பள்ளிக்கு மாநிலக் கால்பந்துப் பட்டம் வென்று தந்த அணியில் பலர் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள்.

நாம் என்ன செய்தோம்? சென்ற வருடம் ஜும்ஆவுக்கு வந்த ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் வாடகைக்கு அறை கேட்டார். பிள்ளைகளுக்கு பிலால் (ரலி) அவர்களின் பெயரை வைக்கும் நாம், "பிறகு சொல்கிறோம்" என்றோம். சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் மறுபடி வரவில்லை.

அடுத்து வருபவருக்காக டிரஸ்ட் பொறுப்பேற்கும். கதவை நீங்கள் திறக்க வேண்டும்.