அப்பர் தோளில் உழவாரம்

ஏழாம் நூற்றாண்டு. “அரசர் அழைக்கிறார், வாருங்கள்” என்று பல்லவ மன்னனின் ஆட்கள் சிவனடியார் அப்பர் முன் வந்து நின்றார்கள். வர மறுத்துவிட்டார் அப்பர். அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள். நஞ்சு கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். பெரியபுராணம் சொல்கிறது, அவர் அஞ்சவே இல்லை.

அஞ்சாமல் இருக்க அவரால் எப்படி முடிந்தது? எனக்கு இதற்கான விடை திருப்புகலூரில்தான் கிடைக்கிறது. வயதான காலத்தில் அங்கே கோயில் முற்றத்தில் உழவாரம் என்ற கருவியால் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னின. பருக்கைக் கற்களோடு சேர்த்து அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார். எறிந்துவிட்டு, மறுபடி புல் செதுக்கப் போய்விட்டார்.

ஆசை இல்லை, அதனால் அச்சமும் இல்லை. கடன் வாங்காதவர் வட்டிக்கடை வாசலில் தலை நிமிர்ந்து நடப்பார், பார்த்திருப்பீர்கள். அப்படித்தான். அரசனிடம் எதுவுமே வேண்டாதவரை அரசன் எதைக் காட்டி மிரட்டுவான்? ஆசை இல்லை, அச்சமும் இல்லை.

சிவன் கோயிலுக்குப் போனால் நாயன்மார்கள் அறுபத்துமூவரின் சிலை வரிசையில் பாருங்கள். அப்பர் தோளில் அந்த உழவாரம் சாய்ந்திருக்கும். அதன் பெயரால்தான் இன்றும் அடியார்கள் கூடிக் கோயில்களைச் சுத்தம் செய்கிறார்கள். உழவாரப்பணி. உங்கள் ஊரிலும் நடக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.