துரோகியோடு ஒரு வழிநடை



இலக்கிய உரையிலே கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கதை எந்த உருவில் வந்தாலும் அது இலக்கிய மாணவனின் கவனத்துக்குரியதே என்பது என் கருத்து. அதனால்தான் 1993 ஆம் ஆண்டு வெளிவந்த 'பிட்ரேயல் அட் கிரோண்டோர்' என்ற விளையாட்டை இன்று பேச எடுத்துக்கொண்டேன். 'கிரோண்டோரில் ஒரு துரோகம்' என்று அதைத் தமிழிலே சொல்லலாம்.

இதன் பிறப்பே ஒரு சுவையான கதை. எழுபதுகளில் கலிபோர்னியாவின் சான்டியாகோ பல்கலைக்கழக நண்பர்கள் சிலர், மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று விளையாடுவதற்காக 'மிட்கேமியா' என்றொரு கற்பனை உலகைப் படைத்தார்கள். அவர்களுள் ஒருவரான ரேமண்ட் பைஸ்ட் அந்த உலகைக் களமாக வைத்து எழுதிய 'மஜீசியன்' நாவல் 1982 இல் வெளியாயிற்று. அந்நாவல் வரிசையின் உலகையும் மாந்தரையும் கொண்டு டைனமிக்ஸ் என்ற நிறுவனம் இவ்விளையாட்டை உருவாக்கியது. இதன் கதையை எழுதியவர் பைஸ்ட் அல்லர். நீல் ஹால்போர்ட் என்பவர். பின்னர் 1998 இல் பைஸ்ட் இந்த விளையாட்டையே ஒரு நாவலாக எழுதினார். விளையாட்டு நாவலாகி, நாவல் விளையாட்டாகி, மீண்டும் நாவலாயிற்று.

நமக்கும் இது புதிதன்று. உடுக்கடிப் பாட்டாகப் பாடப்பட்ட பொன்னர் சங்கர் கதையை நமது மலையகத் தோட்டங்களில் விடிய விடியக் கூத்தாக ஆடுகிறோம். தமிழகத்தில் மு. கருணாநிதி அதே கதையை நாவலாக்கினார். 2011 இல் அது திரைப்படமும் ஆயிற்று.

விளையாட்டுக்கு வருவோம். ஒன்பது அத்தியாயங்களாக, ஒரு புத்தகத்தைப் போலவே இது பகுக்கப்பட்டிருக்கிறது. மலையும் பாதையும் திரையில் விரியும். முக்கிய நிகழ்ச்சி நேரும்போது எழுத்துத் தோன்றும். "அவன் சொன்னான், அவள் திரும்பினாள்" என்று இறந்தகாலத்தில் நாவல் நடையிலேயே அது அமைந்திருக்கும். படிக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு இந்த விளையாட்டு ஏற்றதன்று.

கதையின் நாயகர்களுள் ஒருவன் கொராத். மனிதர்கள் பகைவராகக் கருதும் மொரெடல் இனத்தின் குலத்தலைவன். தன் இனத்துத் தலைவன் டெலெக்கான் மனிதரின் நாட்டின்மீது படையெடுக்கப் போகிறான் என்ற செய்தியை, அந்நாட்டு இளவரசர் அருத்தாவிடம் சொல்லப் புறப்படுகிறான். சொந்த இனத்தார் அவனைக் கொல்லத் துரத்துகிறார்கள். எதிர்த் தரப்பாரோ அவனை நம்பத் தயங்குகிறார்கள். அவனோடு லொக்லியர் என்ற இளம் பிரபுவும் ஓவின் என்ற இளம் மந்திரவாதியும் கிரோண்டோர் நகரை நோக்கி நடக்கிறார்கள். இந்த மூவரையும் வழிநடத்துவது விளையாடுகின்ற நாம்.

இங்கேதான் நாவலுக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் புலப்பட்டது. நாவலிலே கொராத்தைப் படித்து, அவன் செய்தது சரியா பிழையா என்று சாய்வு நாற்காலியில் இருந்தபடி தீர்ப்புச் சொல்லிவிடலாம். இங்கே அவனுக்கு நாளாந்தம் உணவு கொடுக்க வேண்டும். உணவு தீர்ந்தால் உடல் தளரும். வாள் மழுங்கினால் சாணைக்கல் தேடித் தீட்ட வேண்டும். காயம்பட்டால் ஓய்வெடுக்க இடம் பார்க்க வேண்டும். இப்படிப் பல நாள் பராமரித்தவனைத் 'துரோகி' என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிட மனம் வருவதில்லை.

அந்தச் சொல்லின் பாரம் நம் நாட்டவருக்குத் தெரியாததல்ல. 1983 முதல் 2009 வரை நீண்ட யுத்தத்திலே, அச்சொல் சூட்டப்பட்டதனாலேயே மாண்டவர்கள் பலர். அவர்களுள் யார் யார் எதை எண்ணி, எந்த அச்சத்தோடு, எந்தப் பாதையில் நடந்தார்கள் என்று கேட்க அன்று அவகாசம் இருக்கவில்லை. கேட்டவர்களுக்கும் அதே பட்டம் கிடைத்தது. கொராத் இறுதியில் தன் உயிரையே கொடுக்கிறான். அதன் பிறகும் அவனுடைய இனத்தார் அவனை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

மாசி மாதக் காமன் கூத்திலே மதனாக வேடம் பூணுபவர் விரதம் காக்கிறார். பாத்திரத்தை ஏற்பதென்றால் அதன் பாரத்தையும் சேர்த்து ஏற்பது என்பதை நம் தோட்டத்து முன்னோர் அறிந்திருந்தார்கள். அந்தப் பாரத்தை இந்த விளையாட்டு உணவு மூட்டையிலும் சாணைக்கல்லிலும் வைத்திருக்கிறது.

ஹந்தானை மலையடிவாரத்திலே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி கற்கும் பிள்ளைகளை நான் அன்றாடம் காண்கிறேன். அவர்களுள் ஒருவர் என்றோ ஒரு நாள் நமது கதையொன்றை விளையாட்டாக்க முன்வரலாம். பொன்னருக்கும் சங்கருக்கும் வாள் கொடுப்பது எளிது. அவர்களுக்கு எதிரே நின்றவனோடும் ஒரு பொழுது நடந்து, அவன் பசியையும் அறிந்து வரும்படி விளையாடுபவரை அனுப்பி வைப்பாரானால், அந்தப் பிள்ளையை நான் எழுத்தாளர் என்றே அழைப்பேன்.