பெரிய நிறுவனத்தை விட்டு வருகிறவர்களுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் பெருமையைப் பேசுவது வழக்கம். அவர் விட்டுச் சென்ற வேலையில் மீதமிருப்பதைப் பேசுவதும் நினைவுகூர்தல்தான். நான் இரண்டாவதைச் செய்ய வந்திருக்கிறேன்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் படித்த நம் பிள்ளைகள் சிலர் இன்று மும்பை, டெல்லி, பெங்களூரு, சென்னையின் பெரிய சட்ட நிறுவனங்களில் வழக்காடும் பிரிவில் இருக்கிறார்கள். கம்பெனிகளுக்குள் தகராறு, நடுவர் மன்றம், திவால் வழக்கு ஆகியவை அங்கே அன்றாட வேலை. நல்ல சம்பளம். கல்விக்கடன் அடைகிறது, ஊரில் ஓட்டு வீடு மாடி வீடாகிறது. சில ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலர் வெளியேற நினைக்கிறார்கள். இரவு பகல் தெரியாத வேலை ஒரு காரணம். கட்டு முழுவதையும் தயாரித்துக் கொடுத்துவிட்டு, மூத்த வழக்கறிஞர் வாதாடும்போது பின்வரிசையில் நிற்பது இன்னொன்று. ‘எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார்’ என்று நாசூக்காகச் சாதியைத் துருவும் பேச்சு மூன்றாவது.

அப்படி வருகிறவருக்கு முன்னால் என்னென்ன வழிகள் உண்டு?

மிக எளிதாகத் திறக்கும் கதவு கம்பெனியின் சட்டப் பிரிவு. அதில் போகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பார் கவுன்சில் விதிப்படி முழுநேரச் சம்பள ஊழியராகச் சேருகிறவர் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வுக்கு ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவம் கேட்கிறது அரசியலமைப்பின் 233ஆம் பிரிவு. கம்பெனியில் கழிந்த ஆண்டுகளை அந்தக் கணக்கில் சேர்ப்பது சிக்கல். நீதிபதி நாற்காலி உங்கள் மனதில் இருந்தால் இதை முதலிலேயே யோசியுங்கள். உரிமையியல் நீதிபதி தேர்வுக்கும் மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியிருக்கிறது.

அடுத்தது கற்பித்தல். தொழில் செய்துகொண்டே நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த வழக்கறிஞருக்கு விதி இடம் தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இன்னொரு இடம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அந்த உதவியைத் தரமாகச் செய்ய ஆள் வேண்டும்.

நான்காவது வழிக்குத்தான் உங்களை அழைக்க வந்தேன். அது விசாரணை நீதிமன்றம்.

வன்கொடுமை வழக்குகள் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தில் தோற்பதில்லை. மாவட்ட நீதிமன்றத்திலேயே, சாட்சி கூண்டில் ஏறும் நாளிலேயே தோற்கின்றன. வழக்கு இழுக்க இழுக்கச் சாட்சிகள் பிறழ்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் பக்கம் ஆவணத்தை வரி வரியாகப் படித்துவிட்டு வந்த வழக்கறிஞர் இருப்பதில்லை.

அப்படி ஒருவர் இருந்தால் என்ன நடக்கும்? 1997 மேலவளவு படுகொலை வழக்கைப் பாருங்கள், வழக்கறிஞர் பொ. இரத்தினம் ஆண்டுக்கணக்கில் அதைத் தோளில் சுமந்தார். 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கு, அவர் தாயின் போராட்டத்தால் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. அரசுச் சிறப்பு வழக்கறிஞராக ப. பா. மோகன் வாதாடினார். முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு நின்று பேசியது. 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. மின்னணு ஆவணத்தை முறைப்படி நிரூபிக்கும் இந்த வேலை, பெரிய நிறுவனத்தில் இருந்தவருக்குக் கைவந்த வேலை.

சட்டமும் இடம் வைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பிணை உட்பட எந்த நடவடிக்கையிலும் பாதிக்கப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 4(5), பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தகுதியான மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம் என்கிறது. இந்த விதியைக் காட்டி மனு கொடுக்க எத்தனை குடும்பங்களுக்கு வழி தெரியும்?

நிலத்துக்கும் இதே திறமை வேண்டும். 1892இல் ஆங்கில அரசு வழங்கிய பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. இன்று அது யார் யார் பெயரில் இருக்கிறது? அ-பதிவேடு, வில்லங்கச் சான்று, பழைய நில அளவைக் கணக்கு எல்லாவற்றையும் அடுக்கி வைத்துத்தான் அதை நிரூபிக்க முடியும். ஒரு கம்பெனியை வாங்கும் முன் அதன் நூறு பத்திரங்களைச் சலிப்பில்லாமல் சரிபார்த்த கண், இந்த வேலைக்குப் பழகிய கண்.

இங்கே மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: ‘தோழர், சோற்றுக்கு என்ன வழி?’

நியாயமான கேள்வி. அண்ணல் அம்பேத்கர் 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார. அங்கே சொலிசிட்டர் வழியாகத்தான் பாரிஸ்டருக்கு வழக்கு வரும். தீண்டப்படாதவர் கையில் கட்டைக் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. அவர் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் நிலையத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் கற்பித்தார். அந்த வருமானமும் அடுப்பை எரியவைத்தது. அதே காலத்தில்தான், 1927இல், மகாத் குளத்துப் போராட்டம் நடந்தது. குளம் தங்கள் சொத்து என்று சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கு பத்தாண்டு நீண்டு, 1937இல் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. பத்தாண்டு வழக்கை நடத்த, பத்தாண்டு சாப்பிட வேண்டும். வணிகச் சட்டம் கற்பித்த கைதான் குளத்தின் தண்ணீருக்கும் போராடியது.

ஆகவே வெளியேறுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு காலை வருமானத்தில் வையுங்கள், வெட்கப்பட வேண்டாம். வாரத்தில் சில நாள் வணிக வழக்கு, சில நாள் நம் வழக்கு. வேலையை விடுவதற்கு முன் ஓராண்டுச் செலவைச் சேர்த்துவையுங்கள். குறுக்கு விசாரணை தெரிந்த ஒரு மாவட்ட வழக்கறிஞரிடம் ஓராண்டு நில்லுங்கள். நிறுவனம் அதை உங்களுக்குக் கற்றுத் தந்திருக்காது.

இயக்கங்களுக்கும் ஒரு சொல். இளம் வழக்கறிஞருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரவேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சாதி பார்க்கும் சேம்பர்களில் அதைக் கேட்கும் துணிச்சல் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? நாம் சால்வை போர்த்துகிறோம், துண்டறிக்கையில் படம் போடுகிறோம். அவர் வாடகை கட்டினாரா என்று கேட்பதில்லை. பிறகு அவர் மறுபடி கம்பெனிக்குப் போனால், ‘சமூகத்தை மறந்துவிட்டான்’ என்கிறோம்.

மாவட்டத்துக்கு ஒரு சேம்பர் வைப்போம். ஒரு மேசை, ஒரு கணினி, சட்ட இதழ்கள், இரண்டாண்டுக்கு உறுதியான மாத உதவி. அரசு ஊழியராக இருக்கும் நம் தோழர்கள் நூறு பேர் மாதம் இருநூறு ரூபாய் கொடுத்தால் 20,000 ரூபாய். ஒரு வழக்கறிஞரை நிறுத்திவிடலாம்.

அடுத்த ஆண்டு இதே நாளில் நாம் கூடும்போது, அப்படி நின்ற ஒருவர் இந்த மேடையில் தன் முதல் வழக்கைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கான பட்டியலில் முதல் இருநூறு ரூபாய் என்னுடையது.

ஜெய் பீம்.